இரு வகை எடைக்கற்கள்

சென்ற ஆண்டு, திருத்தூதர் தோமாவின் திருநாளாகிய ஜூலை 3 கழிந்து சில நாள்கள் ஆகியிருந்தன. மாலைத் திருப்பலிக்குப் பின் பங்கு இல்லத்துத் திண்ணையில் ஒரு பெரியவர் நமக்காகக் காத்திருந்தார். குன்றத்தூரிலிருந்து பரங்கிமலைக்கு ஆண்டுதோறும் கால்நடையாகத் திருப்பயணம் செல்பவர் அவர். சிறுவயதில் தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு நடந்தார். பின்னர் மனைவியோடு நடந்தார். மனைவி இறைவனடி சேர்ந்தபின் பேரனோடு நடக்கிறார். கல்லூரியில் படிக்கும் அந்தப் பேரன், தாத்தாவுக்குப் பிடித்த பொருளாயிற்றே என்று எண்ணி, நகரில் நடந்த ஒரு வரலாற்றுக் கருத்தரங்குக்கு அவரை அழைத்துச் சென்றிருக்கிறான். தோமா தமிழ்நாட்டுக்கு வந்தார் என்பதற்குச் சான்று போதுமா, போதாதா என்று அங்கே ஆய்வாளர் இருவர் மேடையில் வாதிட்டிருக்கின்றனர்.

"சாமி, ரெண்டு பேரும் மரியாதையாத்தான் பேசினாங்க. யாரையும் திட்டலை. ஆனா வெளியே வந்ததும் எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. இத்தனை வருஷம் நான் நடந்தது வீண்தானா?" என்று கேட்டார் பெரியவர்.

"ஐயா, அவர்கள் படித்தவர்கள், ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள். உங்கள் விசுவாசத்தை நீங்கள் காத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, சிரசில் கைவைத்து ஆசீர்வதித்து அனுப்பிவிட்டோம். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். ஆனால் அவர் கேட்ட கேள்வி திண்ணையிலேயே தங்கிவிட்டது. நாம் சொன்ன விடை விடையன்று என்பதை அவர் உணர்ந்தாரோ இல்லையோ, நாம் உணர்ந்தோம். மேடையில் பேசியவர்களின் உழைப்பையும் மதிக்காமல், கேட்டு வந்தவரின் உள்ளத்தையும் மதிக்காமல் அனுப்பிய விடை அது.

கீழடியில் 2015ஆம் ஆண்டு அகழாய்வு தொடங்கியதிலிருந்து நம் மாநிலத்தில் வரலாற்று மேடைகளுக்குக் கூட்டம் கூடுகிறது. முன்பு பல்கலைக்கழக அறைகளுக்குள் நடந்த விவாதங்கள் இன்று ஊர் மன்றங்களிலும் புத்தகக் காட்சிகளிலும் நடக்கின்றன. கைப்பேசி வழியே வீட்டுக்குள்ளும் வந்துவிடுகின்றன. நம்பிக்கை கொண்ட ஒருவர் அத்தகைய மேடையின் முன் எவ்வாறு அமரவேண்டும்? தான் நேசிக்கும் ஒன்றை வரலாற்றாசிரியர் சோதிக்கும்போது அவர் காதைப் பொத்திக்கொள்வதா, கோபித்து எழுந்து போவதா, கேட்பதா? இது அறிவைப் பற்றிய கேள்வியாகத் தோன்றினும், ஆழ நோக்கினால் எட்டாம் கட்டளையைப் பற்றிய கேள்வியே என்பதை இக்கட்டுரையில் சிந்திப்போம்.

மேடை சொல்வது என்ன?

முதலில் நேர்மையாகக் கணக்குப் பார்ப்போம். தோமாவின் இந்தியப் பயணத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விரிவான நூல் 'தோமாவின் பணிகள்' என்பது. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எதெஸ்ஸா நகரை ஒட்டிய சிரிய மொழிச் சூழலில் எழுந்தது. விவிலியத் திருமுறையில் அது இடம்பெறவில்லை. அற்புதங்களும் கதைகளும் மலிந்த அந்நூலில் குந்தபோர் என்னும் இந்திய மன்னன் வருகிறான். நெடுங்காலம் அவனைக் கற்பனைப் பாத்திரம் என்றே பலர் கருதினர். 19ஆம் நூற்றாண்டில் வடமேற்குப் பகுதியில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. பெஷாவருக்கு அருகே தக்த்-இ-பாகி என்னுமிடத்தில் கிடைத்த கல்வெட்டு அவன் முதல் நூற்றாண்டில் ஆண்டவன் என்பதைக் காட்டியது. ஐயுற்றவர்கள் தங்கள் கூற்றைத் திருத்திக்கொண்டனர். ஆனால் அம்மன்னன் ஆண்டது வடமேற்கில். அந்நூலில் மயிலாப்பூர் என்னும் பெயரே இல்லை.

4ஆம் நூற்றாண்டில் புனித எபிரேம், தோமாவின் எலும்புகள் இந்தியாவிலிருந்து வணிகர் ஒருவரால் எதெஸ்ஸாவுக்குக் கொண்டுவரப்பட்டதைப் பாடியிருக்கிறார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, தமிழகக் கடற்கரையில் ஒரு சிற்றூரில் தோமாவின் கல்லறை இருப்பதையும், கிறிஸ்தவர்களோடு இஸ்லாமியரும் அங்கே திருப்பயணம் வருவதையும் எழுதினார். போர்த்துக்கீசியர் 1523இல் மயிலாப்பூரில் அந்தக் கல்லறையைத் தோண்டினர். பரங்கிமலையில் 1547இல் பாறைச் சிலுவை ஒன்று கிடைத்தது; அதன்மேல் பாரசீகப் பகலவி மொழியில் எழுத்துகள் உள்ளன. அறிஞர்கள் அதனைத் தோமாவின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டதாகக் கொள்கின்றனர். பாரசீகத் திருச்சபையோடு தொடர்புடைய கிறிஸ்தவர்கள் போர்த்துக்கீசியருக்கு வெகுகாலம் முன்பே இங்கே செபித்தனர் என்பதற்கு அது சான்று. தோமாவே வந்தார் என்பதற்கு நேர்ச் சான்று அன்று.

புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் நடந்த அகழாய்வு, ரோமானிய வணிகம் இக்கடற்கரை வரை வந்ததை உறுதிப்படுத்தியது. எனவே முதல் நூற்றாண்டில் மேற்காசியாவிலிருந்து ஒருவர் கப்பலேறி இங்கே வந்திருக்க முடியும். 'முடியும்' என்பதற்கும் 'வந்தார்' என்பதற்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. நடுநிலையான ஆய்வாளர் அந்த இடைவெளியைத் தூர்க்கவும் மாட்டார், அகழியாக வெட்டவும் மாட்டார். "மரபு மிகப் பழையது, நிகழ்ந்திருக்கக் கூடியது, மயிலாப்பூரைக் குறித்த உறுதியான சான்று பிற்காலத்தது" என்று மட்டுமே அவர் சொல்வார். திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2006 செப்டம்பர் 27 அன்று தம் புதன்கிழமை உரையில், தோமா சிரியாவிலும் பாரசீகத்திலும் பணியாற்றி மேற்கிந்தியா வரை சென்றதாகவும், அங்கிருந்து கிறிஸ்தவம் தென்னிந்தியாவை அடைந்ததாகவும் கூறியபோது, தென்னகத்தில் பெரும் விவாதம் எழுந்தது. திருத்தந்தையே தம் வாயால் சொன்ன ஒரு வரலாற்றுக் குறிப்பை விசுவாசிகளும் அறிஞர்களும் மரியாதையோடு எதிர்த்துப் பேச முடிந்தது. வரலாற்றுச் செய்தி வேறு, விசுவாசக் கோட்பாடு வேறு என்பதைத் திருச்சபை தன் நடைமுறையிலேயே காட்டிய தருணம் அது.

நாம் வாழும் குன்றத்தூரே இதற்கு இன்னொரு பாடம் சொல்லும். 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் இது. அடியார் வரலாற்றைப் பக்தியோடு பாடிய நூலைக் கல்வெட்டு ஆய்வாளர் வரிக்கு வரி வரலாறாக எடுத்துக்கொள்வதில்லை. கட்டுக்கதை என்று தள்ளுவதுமில்லை. சிறுத்தொண்டர் வாதாபிப் போரில் கலந்துகொண்ட செய்தியைப் பற்றிக்கொண்டே திருஞானசம்பந்தரின் காலத்தை 7ஆம் நூற்றாண்டு என்று கணித்தார்கள். மேடைகளில் அதைப் பற்றி விவாதம் நடக்கிறது. அதனால் நம் சைவ நண்பர்கள் திருநாகேசுவரம் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிடவில்லை.

அஞ்சாத திருச்சபை

வரலாற்றாசிரியரைக் கண்டு திருச்சபை அஞ்சவேண்டும் என்று யார் நமக்குக் கற்பித்தார்கள்? சிங்கராயர் என்று நம் முன்னோர் அழைத்த திருத்தந்தை 13ஆம் லியோ, 1881இல் வாடிகன் ஆவணக் காப்பகத்தை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார். 1883இல் எழுதிய மடலில், பொய் சொல்லத் துணியாமையே வரலாற்றின் முதல் விதி, உண்மையைச் சொல்ல அஞ்சாமை அதன் அடுத்த விதி என்னும் பழைய ரோமானியக் கருத்தை நினைவூட்டினார். திருச்சபையின் பகைவர்கள் வரலாற்றைத் திரிக்கிறார்கள் என்று வருந்திய திருத்தந்தை அவர். ஆயினும் அவர் கண்ட மருந்து கதவை அடைப்பது அன்று, திறப்பது. 2020 மார்ச் 2 அன்று 12ஆம் பத்திநாதர் காலத்து ஆவணங்களைத் திருத்தந்தை பிரான்சிஸ் திறந்தபோதும் இதே வழியையே பின்பற்றினார்.

இரண்டாம் அருள் சின்னப்பர் 2000 மார்ச் 12 அன்று, திருச்சபையின் மக்கள் காலங்காலமாகச் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். அதையொட்டிப் பன்னாட்டு இறையியல் குழு 'நினைவும் ஒப்புரவும்' என்ற ஆவணத்தை வெளியிட்டது. அதிலுள்ள ஒரு வரிசைமுறை நம் கருத்தை ஈர்க்கவேண்டும். இறையியல் தீர்ப்புக்கு முன் வரலாற்றுத் தீர்ப்பு வரவேண்டும் என்கிறது அது. என்ன நடந்தது என்று வரலாற்றாசிரியரிடம் முதலில் கேளுங்கள். பிறகு அது பாவமா, யார் மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்யுங்கள் என்பதே அதன் சாரம். பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆன்ம சோதனை வருவது போன்றது இது. ஆன்ம சோதனை இல்லாத பாவசங்கீர்த்தனம் வெறும் வாய்ப்பாடு அன்றோ?

பெருமைக்காகச் சொன்ன பொய்

இவ்வளவும் தெரிந்திருந்தும் நாம் தவறியிருக்கிறோம். 1960களின் இறுதியிலிருந்து திருவள்ளுவரைத் தோமாவின் மாணவராக்கும் முயற்சிகள் நூல்களாக வெளிவந்தன. திருக்குறளைப் போற்றும் பிற சமயத்தார் புண்பட்டார்கள், தமிழறிஞர்கள் மறுத்தார்கள். 1970களில் ஒருவர், தோமாவையும் வள்ளுவரையும் இணைக்கும் சான்று பழஞ்சுவடிகளில் இருப்பதாகச் சொல்லி, திருச்சபைத் தலைமையிடமிருந்தே இலட்சக்கணக்கில் பணம் பெற்றார். சுவடிகள் போலியென்று தெரியவந்து, காவல்துறை விசாரித்து, வழக்கு நீதிமன்றம் வரை சென்றதை அக்காலத்து ஏடுகள் எழுதின.

ஏமாற்றியவரைக் குறை சொல்வது எளிது. ஏமாறியவர்கள் நல்லெண்ணம் உடையவர்கள் என்பதிலும் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவர் ஏன் நம் கதவைத் தட்டினார் என்று கேட்டுப் பார்க்கவேண்டும். நமக்கு ஒரு சான்று எவ்வளவு தேவைப்பட்டது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தங்கம் வேண்டும் என்று துடிப்பவனிடம்தான் பித்தளை விலைபோகும். தோமா வந்தார் என்ற பழைய நம்பிக்கையைப் பழைய நம்பிக்கையாகவே வைத்திருக்க மனம் ஒப்பியிருந்தால், போலிச் சுவடிக்கு அங்கே இடமே இருந்திராது. நம்பிக்கை குறைந்த இடத்தில்தான் சான்றின் மேல் பேராசை பிறக்கிறது.

இறைவனுக்காகவும் பொய் சொல்லலாகாது என்பது யோபு நூல் நமக்குத் தரும் பாடம். தன் நண்பர்கள் கடவுளுக்குச் சார்பாகப் பேசுவதாக நினைத்துப் பொய்யுரைத்ததை யோபு கடிந்துகொள்கிறார். இறுதியில் இறைவனும் யோபுவின் பக்கமே நின்றார். இறைவனுக்கு வழக்கறிஞராகச் செல்கிறவரும் பொய்ச்சாட்சியைக் கொண்டுபோகக் கூடாது.

இரண்டு பக்கங்கள்

இதுவரை எழுதியது மற்றவர்களைப் பற்றியது. இனி நம்மைப் பற்றி எழுதவேண்டும். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

இருபது ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் நாம் பங்குத்தந்தையாக இருந்தோம். அந்தப் பங்கின் நூற்றாண்டு விழாவுக்கு ஒரு மலர் வெளியிட முடிவாயிற்று. பங்கைச் சேர்ந்த இளம் ஆசிரியர் ஒருவர் வரலாற்றை எழுதும் பொறுப்பை ஏற்றார். திருமுழுக்குப் பதிவேடுகளையும் பழைய கணக்குப் புத்தகங்களையும் மாதக்கணக்கில் படித்தார். முதியவர்களைக் கண்டு பேசி எழுதிக்கொண்டார். அவர் தந்த கையெழுத்துப் படியில் இரண்டு பக்கங்கள் கல்லறைத் தோட்டத்தைப் பற்றியவை. தோட்டத்தின் நடுவே சாதிக்கொரு பகுதியாகப் பிரித்து ஒரு சுவர் இருந்ததையும், இறந்தோரைச் சுமக்கும் தூம்பா ஒரு தெருவுக்கு ஒன்றும் மறு தெருவுக்கு வேறொன்றுமாக இருந்ததையும், சுவர் எழுப்பக் கோயில் பணமே செலவான கணக்கையும் அவர் எழுதியிருந்தார். அவர் சுவருக்கு அப்பாலுள்ள தெருவைச் சேர்ந்தவர்.

"விழா நேரத்தில் பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும், தம்பி? சமாதானம் முக்கியம்" என்று சொல்லி அந்த இரண்டு பக்கங்களையும் நாம் நீக்கினோம். அதே மலரின் முதல் பக்கத்தில், திருத்தூதர் தோமாவின் பாதம் பட்ட மண் எங்கள் மண் என்று நாமே ஒரு வரி எழுதிச் சேர்த்தோம். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

அச்சான மலரைக் கையில் வாங்கிப் பார்த்தபின் அந்த ஆசிரியர் வந்து நின்றார். குரலை உயர்த்தாமல் கேட்டார்: "ஃபாதர், தோமையார் நம்ம ஊருக்கு வந்ததுக்கு நீங்க யார்கிட்டயும் ஆதாரம் கேட்கலை. சுவருக்கு நான் ஆதாரம் கொடுத்தும் எடுத்துட்டீங்களே?"

இரு வகை எடைக்கற்களை ஆண்டவர் அருவருக்கிறார் என்பது நீதிமொழிகள் நூலின் போதனை. கடைக்காரர் வாங்குவதற்கு ஒரு கல்லும் விற்பதற்கு ஒரு கல்லும் வைத்திருந்தால் அவரைத் திருடன் என்கிறோம். நம் பெருமையை நிறுக்க ஓர் எடைக்கல், நம் குற்றத்தை நிறுக்க வேறோர் எடைக்கல் என்று வைத்துக்கொண்டிருந்த நம்மை என்னவென்று சொல்வது? பெருமைக்குச் சான்று வேண்டாம், மரபு போதும். குற்றத்துக்குச் சான்று இருந்தாலும் அமைதி வேண்டும் என்றோம். யாருடைய அமைதி? சுவருக்கு இப்பாலுள்ளவர்களின் அமைதி மட்டுமே அது.

நம் மாநிலத்தில் இது புதிய செய்தியும் அன்று. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயில், சாதி வாரியாக மக்களைப் பிரித்து அமரவைக்கும் அமைப்போடு கட்டப்பட்டது. 1910இல் இயேசு சபைத் தந்தை கௌசானல் அந்தத் தடுப்பை இடித்தார். அவருக்கு எதிராக வழக்குத் தொடுக்கப்பட்டு, அது சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று; தடுப்பைக் கேட்டவர்களுக்கு அங்கே வெற்றி கிட்டவில்லை. பேராசிரியர் ஆ. சிவசுப்பிரமணியன் 2001இல் வெளியிட்ட 'கிறித்தவமும் சாதியும்' என்ற நூல் இந்த வரலாற்றை ஆவணங்களோடு பொதுமக்கள் முன் வைத்தது. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டபோது, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. ஆய்வாளர்களும் பாதிக்கப்பட்டவர்களும் பேசாமல் இருந்திருந்தால் அத்தகைய ஒப்புதல் வந்திருக்குமா?

வேலியோரப் பள்ளிகள்

நம்மைப்போலவே இந்தச் சோதனைக்குள் நின்ற இன்னொரு கத்தோலிக்க மக்களை இங்கே நினைப்பது பொருந்தும். 1842இல் மதராசுக்கு வந்து நம் பெண்மக்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்த பிரசன்டேஷன் சபைக் கன்னியர் அயர்லாந்து நாட்டவர். அந்நாட்டில் ஆங்கில ஆட்சியின் தண்டனைச் சட்டங்கள் கத்தோலிக்கரின் கல்வியைத் தடை செய்தபோது, ஆசிரியர்கள் வேலி ஓரங்களிலும் கொட்டில்களிலும் மறைவாகப் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். வேலியோரப் பள்ளி என்று அதற்குப் பெயர். 1993இல் தோன்றிய 'ஹிஸ்டரி அயர்லாந்து' என்னும் இதழ், வரலாற்றாசிரியர்கள் பொதுமக்கள் முன் அமர்ந்து விவாதிக்கும் கூட்டங்களை இதே பெயரில் நடத்தி வருகிறது. உண்மையைப் படிக்கத் தடை இருந்த காலத்தின் பெயரை, உண்மையை வெளிப்படையாக விவாதிக்கும் மேடைக்குச் சூட்டியது பொருத்தமே.

ஆனால் அங்கும் எல்லா உண்மையும் உரிய வேளையில் மேடையேறிவிடவில்லை. 1916 உயிர்ப்புப் பெருவிழா எழுச்சியின் பொன்விழா ஆண்டாகிய 1966இல், பிரான்சிஸ் ஷா என்ற இயேசு சபைக் குரு ஒரு கட்டுரை எழுதினார். நாட்டுக்காகச் சாவதைக் கிறிஸ்துவின் சிலுவைப் பலியோடு சமமாக்கிப் பேசும் வழக்கத்தை அதில் கண்டித்தார். விழா ஆண்டில் இது பொருந்தாது என்று கருதி, அவருடைய சபையின் 'ஸ்டடீஸ்' இதழே அதனை ஒத்திவைத்தது. 1970இல் அவர் இறந்தார்; 1972இல்தான் கட்டுரை வெளிவந்தது. விழாவைக் காரணம் காட்டி உண்மையை ஒத்திவைப்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமன்று என்று இதைப் படித்தபோது தெரிந்தது. அதில் நமக்கு ஆறுதல் இல்லை.

டூவம் என்னும் சிற்றூரின் செய்தி இன்னும் கடினமானது. மணமாகாத தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமான இல்லம் ஒன்றைக் கன்னியர் சபை ஒன்று 1925 முதல் 1961 வரை அங்கே நடத்தியது. கேத்தரின் கோர்லெஸ் என்ற உள்ளூர் வரலாற்று ஆர்வலர் 2012இல் அதைப் பற்றி எழுதினார். அவர் பேராசிரியர் அல்லர், குடும்பப் பெண்மணி. ஒவ்வொரு குழந்தையின் இறப்புச் சான்றாகக் கேட்டு வாங்கி, 796 குழந்தைகள் இறந்ததைக் கண்டறிந்தார். அவர்கள் அடக்கம் செய்யப்பட்டதற்கான பதிவோ கிடைக்கவில்லை. பலர் அவர்மேல் சினந்தனர். 2017இல் அரசு ஆணையம் அந்த வளாகத்தின் நிலத்தடி அறைகளில் பெருமளவில் குழந்தைகளின் எலும்புகள் இருப்பதை உறுதிசெய்தது. 2021இல் அரசும் அந்தக் கன்னியர் சபையும் மன்னிப்புக் கேட்டன. 2025இல் எலும்புகளை முறைப்படி மீட்டெடுக்கும் பணி தொடங்கிற்று. அந்தக் குழந்தைகளுக்கு யார் நண்பர்? திருச்சபையின் நற்பெயரைக் காத்தவர்களா, பெயர்களைத் தேடி எடுத்தவரா? நாம் செபமாலை சொல்லும் மக்கள். விடை நமக்குத் தெரியும்.

மூன்று மறுப்புகள்

இவ்வாறு சொல்லும்போது எழும் மறுப்புகளையும் கேட்டாகவேண்டும்.

"நம் குற்றத்தை நாமே மேடையில் பேசினால், நம்மை வெறுப்பவர்கள் அதை ஆயுதமாக்க மாட்டார்களா?" என்று கேட்பார்கள். ஆக்குவார்கள். சிறுபான்மையினராக வாழும் நமக்கு இந்த அச்சம் வெறுங்கற்பனை அன்று. ஆனால் நாம் மறைத்ததை அவர்கள் கண்டெடுக்கும்போது அந்த ஆயுதத்துக்கு இரட்டைக் கூர்மை வந்துவிடுகிறது. குற்றம் ஒன்று, மறைத்தது ஒன்று. நாமே சொல்லியதில் அந்த இரண்டாவது கூர்மை இல்லை.

"வரலாற்றாசிரியர் மட்டும் நடுநிலையாளரா? அவருக்கும் கட்சியும் சார்பும் இல்லையா?" என்பார்கள். உண்டு. அதனால்தான் ஒருவர் பேச்சைக் கேட்பதோடு நிறுத்தாமல் இருவர் விவாதத்தைக் கேட்கவேண்டும். ஆவணம் எங்கே, காலம் எது, எதிர்ச்சான்றைச் சொன்னாரா என்று எழுந்து நின்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அயர்லாந்தின் குருவும் வரலாற்றாசிரியருமான பிரெண்டன் பிராட்ஷா 1989இல் தம் துறையினரையே கண்டித்து எழுதினார். பத்து இலட்சம் பேர் மடிந்த 1840களின் பெரும் பஞ்சத்தைக்கூட உணர்ச்சியற்ற குரலில் எழுதினால், நடுநிலை என்ற பெயரில் துன்பமே மறைந்துவிடுகிறது என்பது அவர் வாதம். ஆம், எலும்பை எண்ணிவிட்டு அழ மறப்பதும் உண்மைக்குக் குறைவு செய்வதே. வரலாற்றாசிரியரைச் சோதியுங்கள். ஆனால் நமக்குச் சாதகமாகப் பேசுபவரையும் அதே கல்லால் நிறுத்துப் பாருங்கள்.

"எளிய மக்களின் விசுவாசம் குலைந்துவிடாதா?" என்பது மூன்றாவது மறுப்பு. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நாம்தான், அதாவது குருக்கள்தான். எளிய மக்கள் இதைச் சொல்லி நாம் கேட்டதில்லை. அவர்கள் கேள்வி கேட்கிறார்கள். நாமோ அந்தக் கேள்விக்கு அஞ்சி, அவர்களுடைய பலவீனத்தின் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம்.

மலையேறும் வழி

அந்தப் பெரியவரிடம் நாம் திரும்பச் சென்றோம். மேலே எழுதிய செய்திகளை அவர் வீட்டு வாசலில் அமர்ந்து ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னோம். எது உறுதி, எது நடந்திருக்கக்கூடியது, எது மரபு என்று பிரித்துச் சொன்னோம். பேரனும் பக்கத்தில் இருந்தான். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "முதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாமே சாமி. எனக்குப் புரியாதுன்னு நினைச்சீங்களா?" என்றார். நமக்கு மறுமொழி இல்லை.

"அப்போ அடுத்த வருஷமும் போகலாம்தானே?" என்றும் கேட்டார்.

போகலாம் என்றோம். 1547க்கு முன்பே யாரோ ஒரு பாரசீகக் கிறிஸ்தவர் அந்தப் பாறையில் சிலுவையைச் செதுக்கினார். அதன் முன்னே மண்டியிட்டவர்களும் இருந்தார்கள். அதன்பின் ஐந்நூறு ஆண்டுகளாக நம் முன்னோர் அங்கே ஏறிச் செபித்திருக்கிறார்கள். இவை சான்றுள்ள செய்திகள். பெரியவர் தம் தந்தையோடு நடந்ததும், மனைவியோடு நடந்ததும் நடந்தவையே. ஒரு பாதையைப் புனிதமாக்குவது அதில் முதலில் நடந்தவர் மட்டுமல்லர். அதில் இறைவனைத் தேடி நடந்த அனைவருமே.

மற்ற பத்துப் பேர் சொன்ன செய்தியை ஏற்க மறுத்தவர் தோமா. சான்று கேட்டதற்காக ஆண்டவர் அவரைத் திருத்தூதர் குழுவிலிருந்து விலக்கவில்லை. தம் விலாவைக் காட்டினார். உயிர்த்தெழுந்த மாட்சிமிகு உடலிலும் காயங்களை மறைக்காமல் வைத்திருந்த ஆண்டவரின் மறையுடல் நாம். அந்த உடலின் காயங்களைத் தொட்டுப் பார்க்க யாரேனும் கை நீட்டும்போது, நாம் மட்டும் ஏன் ஆடையை இழுத்து மூடிக்கொள்கிறோம்?

அந்த இளம் ஆசிரியர் இன்று நடுத்தர வயதைக் கடந்துவிட்டார். அவருடைய முகவரியைத் தேடிக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்டு எழுதினோம். இரண்டு மாதம் கழித்து ஒரு தபால் உறை வந்தது. கடிதம் ஏதும் இல்லை. நாம் நீக்கிய அந்த இரண்டு பக்கங்களின் நகல் மட்டும் இருந்தது. இத்தனை ஆண்டுகளும் அவர் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். நாம் அப்பங்கைவிட்டு வந்து வெகுகாலம் ஆயிற்று. அடுத்த மலரில் அதைச் சேர்க்கும் அதிகாரம் நமக்கு இல்லை. இப்போது அங்கிருக்கும் பங்குத்தந்தைக்கு அந்த நகலை நம் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறோம். மலரின் முதல் பக்கத்தில் நாம் சேர்த்த வரிக்கு ஆதாரம் இல்லை என்பதையும் அதிலேயே எழுதியிருக்கிறோம். மறுமொழி இன்னும் வரவில்லை.